லாடம் கட்டி நடந்த அம்மா

நுகத்தடியைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்ற ஒரு அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைங்களே, அப்பா கதை கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். செங்கம் ரோட்டில் ஒரு டீக்கடை எதிரில், பட்டப்பகலில், கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு மேஸ்திரியிடம் கொத்து வேலை செய்துகொண்டிருந்தேன். டீ குடிக்க வந்திருந்தேன்.

செங்கல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு மறுபடியும் பூட்டப் போனார். வண்டி முன்னால் சாயாமல் இருக்க நுகத்தடிக்கு அடியில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு மொபெட் வந்து நின்றது. காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை, வண்டியில் தொங்குகிற ஒரு பிளாஸ்டிக் வாளி. நாற்பது வயது இருக்கும்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க. இத நான் தோள்ல வச்சுப் பாக்கட்டுமா?"

வண்டிக்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் சிரித்தோம். "இன்னாம்மா, வெளையாடறீங்களா? முழு லோடு. முன்பாரம் அத்தனையும் இதுலதான் நிக்குது."

"எவ்ளோ நிக்குதுன்னுதான் பாக்கணும்."

பையை என் கையில் கொடுத்து, "இத கொஞ்சம் புடிங்க தம்பி" என்றார். குனிந்து, மாடு நிற்கிற இடத்தில் போய் நின்று, தோளைக் கொடுத்தார். முட்டுக் கட்டையைத் தளர்த்தச் சொன்னார். வண்டிக்காரர் லேசாகத்தான் தளர்த்தினார். அதற்குள் அந்த அம்மாவின் முழங்கால் இரண்டும் மடங்கிப்போயின. "எடுங்க, எடுங்க!" என்றார். நாலைந்து பேர் ஓடிப்போய்த் தூக்கினோம். தோளில் ஜாக்கெட் கிழிந்து, கீறி, ரத்தம் வந்திருந்தது.

அவர் தோளைப் பார்க்கவில்லை. நுகத்தடியின் அடிப்பக்கத்தைத் தடவினார். "இங்க ஒரு முண்டு பொடைச்சுகினு நிக்குது. கையை விட்டுப் பாருங்கண்ணே."

வண்டிக்காரர் தடவிப் பார்த்தார். பிறகு வலது மாட்டின் கழுத்தைப் பார்த்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது.

"நானும் வேப்பெண்ணெய் போட்டுகினேதாம்மா இருக்கேன். ஆறவே மாட்டேங்குது."

"எண்ணெய கழுத்துக்குப் போட்டீங்க. முண்டு நுகத்தடியிலதானே இருக்குது?"

இப்போது வண்டிக்காரரே சிரித்துவிட்டார். பக்கத்து மரக்கடையில் உளி வாங்கி வந்து, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அந்த முண்டைச் செதுக்கினார். அந்த அம்மா அதுவரை நின்று பார்த்துவிட்டு, தோளை முந்தானையால் மூடிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

அவர் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் முதலில் அவர் குரல்தான் வரும். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்பார். அந்த வார்த்தை அவர் வாயில் ஊறிப்போய்விட்டது. சண்டைக்கு வருகிறவனிடமும் அதே குரலில் "ஒரு நிமிஷம் இருங்க" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டவுடன் எப்படிப்பட்டவனும் நின்றுவிடுவான். ஊரில் எல்லோரும் அவரை டெலிபோனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகக் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே பேராகிவிட்டது.

அவருடைய சொந்தப் பேரை நான் எழுதப்போவதில்லை. அது அவருக்குப் பிடிக்காது. பின்னால் ஒரு வேலை முடிந்தபோது, "கல்லுல உங்க பேர் வெட்டிடட்டுமாம்மா?" என்று கேட்டேன். "எதுக்கு? மாடு படிக்குமா?" என்றார்.

ஊர் எல்லையில் வேங்கிக்காலில் அப்போதுதான் புதிதாக வீடுகள் வந்துகொண்டிருந்தன. அங்கே தங்கையோடு இருந்தார். அவர் வீட்டில் ஆடு மாடு எதுவும் கிடையாது. அது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்டதற்கு, "நான் டூட்டிக்குப் போயிட்டா அது நாள் பூரா கட்டுலயே நிக்கணும். அது பாவம்" என்றார்.

அவரிடம் ஒரே ஒரு குணம்தான் மற்றவர்களிடம் நான் காணாதது. ஒரு மாட்டுக்கு எது நடக்கிறதோ, அதைத் தன் உடம்பில் நடத்திப் பார்க்காமல் அதைப்பற்றி வாய் திறக்க மாட்டார். சந்தையில் மாடுகளுக்கு வைத்த தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். துப்பிவிட்டு, தொட்டிக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு வாய் குடிங்க, நான் போயிடறேன்" என்றார். அந்த மனுஷர் குடிக்கவில்லை. தொட்டியைக் கழுவினார்.

ஆனால் ஏழைப்பட்ட வண்டிக்காரனைப் பிடித்து அதட்டுகிற ஆள் இல்லை அவர். "அவரு என்ன பண்ணுவாரு, ஏத்துனது வேற ஆளு" என்பார். நுகத்தடியைத் தூக்கிய மறுநாளே செங்கல் சூளைக்குப் போய்விட்டார். சூளைக்காரர் கேட்டாராம்: "ஏம்மா, டெலிபோன் ஆபீசுல வேலையே இல்லையா?"

"இருந்துச்சு. முடிச்சிட்டுதான் உங்ககிட்ட வரேன். முன்னாடி அடுக்கறத கொறச்சு, பின்னாடி தள்ளி அடுக்கச் சொல்லுங்க. கல்லு அதே கல்லுதான். மாட்டுக் கழுத்துல ஒக்காராது, அவ்ளோதான்."

சூளைக்காரர் அன்றைக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். சூளைக்காரர் அவருக்காகக் கேட்டாரோ, தொல்லை விட்டால் போதும் என்று கேட்டாரோ, அடுக்குகிற முறை மாறியது.

எல்லோருக்கும் அவரைப் பிடித்தது என்று சொன்னால் பொய். எனக்கே சில நேரம் கூச்சமாக இருக்கும். கூட நின்றால் நம்மையும் சேர்த்துச் சிரிப்பார்கள். மாட்டுச் சந்தை அந்தக் காலத்தில் முழுக்க ஆம்பளைகள் இடம். வேர்க்கடலை விற்கிறவர்களைத் தவிரப் பொம்பளைகள் உள்ளே வரமாட்டார்கள். அதில் இவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வாளியைத் தூக்கிக்கொண்டு நுழைவார். அவரவர் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்ப்பார்கள். இன்றைக்கு ஒரு லாரியில் எத்தனை மாடு ஏற்றலாம், எப்படி ஏற்றலாம் என்று நிறையப் பேர் பேசுகிறார்கள். அப்போது நம்ம ஊரில் அதைப் பேசியது ஒரு வாய்தான்.

சந்தையில் அவருக்கு எதிரி என்று சொன்னால் மாடு வாங்கி விற்கிற ஒரு பெரிய ஏவாரி. வருஷா வருஷம் கார்த்திகை தீபத்தை ஒட்டிக் கூடுகிற சந்தைக்கு வடக்கே இருந்து லாரி லாரியாக வருவார். வாய் நிறைய வெற்றிலை. அவர் பேச ஆரம்பித்தால் சந்தையே கேட்கும். லாரியில் மாடுகளை நெருக்கி அடைக்கிறார் என்று அந்த அம்மா கேட்டபோது, "மாடு நின்னுகினுதான் தூங்கும், நின்னுகினுதான் திங்கும். அதுக்கு இன்னா சோபா போடணுமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"அப்ப நானும் ஒரு தடவ நின்னுகினு வரேன்" என்றார் அந்த அம்மா.

நிஜமாகவே ஏறிவிட்டார். மாடுகளோடு லாரியின் பின்பக்கம் நின்றுகொண்டே போளூர் வரை போனார். திரும்பி பஸ்ஸில் வந்தபோது புடவை முழுக்கச் சாணி. பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லையாம். "ஜம்முனு காலை நீட்டிகினு வந்தேன் தம்பி" என்று சிரித்தார். கை முழுக்கக் கன்றிப்போயிருந்தது. ஆனால் அந்தப் பயணத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். ஓடுகிற லாரியில் படுகிற அடியைவிட, லாரியில் ஏறும்போது படுகிற அடிதான் ஜாஸ்தி.

அப்போதெல்லாம் லாரியைப் பள்ளத்தில் இறக்கி, மேட்டிலிருந்து மாட்டைக் குதிக்க விடுவார்கள். மூக்கணாங்கயிற்றை உள்ளேயிருந்து ஒருவன் இழுப்பான். பின்னால் ஒருவன் வாலை முறுக்குவான். மேட்டுக்கும் லாரிக்கும் நடுவில் உள்ள சந்தில் மாட்டின் கால் போய்விடும். சில மாடுகளுக்கு அந்தச் சந்திலேயே கால் முறியும். நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சத்தத்தை உங்களுக்கு எழுத வேண்டாம்.

அதற்கு ஒரு சரிவு மேடை வேண்டும் என்று அவர் கேட்க ஆரம்பித்தார். மாடு நடந்தே போய் லாரியில் ஏறிவிட வேண்டும். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். பல பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வெட்டுக்குப் போற மாட்டுக்கு எதுக்கும்மா மேடை?"

"பாதி மாடு உழவுக்குப் போவுது. மீதி எங்க போவுதோ போவட்டும். சாப்பிடறதும் சாப்பிடாததும் அவங்கவங்க வீட்டு விஷயம், நான் அதுக்குள்ள வரல. போற வழியில கால ஒடைக்காதீங்கன்றேன்."

சில வருஷம் கழித்து, "கட்டிக்கோங்க, எங்ககிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று ஒரு வழியாக வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். கருங்கல் ஒருவர் கொடுத்தார். மண் அடித்துக் கொடுத்தது வண்டிக்காரர்கள். சிமெண்ட் அவரே வாங்கினார். கட்டுவதற்கு என் மேஸ்திரியிடம்தான் முதலில் வந்தார்.

மேஸ்திரி சாரத்தில் இருந்து இறங்கக்கூட இல்லை. "மாட்டுக்குப் படி கட்டற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகலம்மா."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க கட்டுவீங்களா தம்பி?"

அதுவரை நான் தனியாக ஒரு சுவர்கூட எழுப்பினது கிடையாது. மேஸ்திரி சொல்வார், நான் செய்வேன். முதல் தடவையாக ஒருவர் என்னைப் பார்த்து, நீங்கள் கட்டுவீர்களா என்று கேட்டார். கட்டுகிறேன் என்றேன். என் பொறுப்பில், என் கையில் நடந்த முதல் வேலை அது.

ரொம்ப ஆசையாகக் கட்டினேன். இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் மண்ணும் ஜல்லியும் இடித்து நிரப்பி, மேலே கான்கிரீட். அதோடு விட்டிருக்கலாம். ஒரு கொத்தனாருக்குப் பெருமை எதில் இருக்கிறது? பூச்சில். கல்யாண வீட்டு ஹாலுக்குப் பூசுகிற மாதிரி சிமெண்ட் பால் ஊற்றி, கோணிப்பை மேல் மண்டிபோட்டு, இரும்புக் கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன். வெயில் பட்டால் பளபளத்தது. ஈரம் காயவிட்டு, தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

டூட்டி முடித்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார், கீழே இறங்கினார், மறுபடியும் ஏறினார். "நல்லா இருக்கு தம்பி. எனக்கு வழுக்கல" என்றார். எனக்குக் காலே தரையில் இல்லை.

சந்தை கூடியது. மேடையைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. பெரிய ஏவாரி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வந்து, "டெலிபோனம்மா! மாட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டீங்களா, மேடை ரெடின்னு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் தன் லாரியைத்தான் முதலில் மேடையில் சேர்த்து நிறுத்தினார். அவருக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்திருக்கும். நல்ல உயரமான மயிலைக் காளை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். வண்டியில் ஓடிப் பழகிய மாடு.

காளை பாதிச் சரிவு வரை ஏறியது. பிறகு முன்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் பிரிந்தன. முட்டி தரையில் மோதியது. அப்படியே கீழே வரை சறுக்கிக்கொண்டே வந்து, பக்கவாட்டில் விழுந்தது.

வண்டி மாட்டின் குளம்பில் லாடம் இருக்கும். இரும்புத் தகடு. என் வழவழப் பூச்சின் மேல் இரும்பு எப்படி நிற்கும்? ரோட்டில் ஓடுகிற மாட்டையெல்லாம் தினமும் பார்க்கிற எனக்கு அது தோன்றவே இல்லை.

காளை எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. அந்த அம்மா ஓடிப்போய் அதன் தலைப்பக்கம் உட்கார்ந்தார். காளை மறுபடி காலை உதைத்துப் பார்த்தது. எழுந்து நின்றது. கால் முறியவில்லை. ஆனால் இரண்டு முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது.

"யார்ரா இத கட்டினவன்?" ஏவாரி கத்தினார்.

மேஸ்திரியும் கூட்டத்தில் நின்றிருந்தார். இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் என் பேர் கெட்டால், இந்த ஜில்லாவில் எவன் வீட்டுக்கும் நான் செங்கல் வைக்கப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"நான்தான்" என்றார் அந்த அம்மா.

"இன்னாம்மா நீங்க? கட்டினது கொத்தனார் பையன்தானே?"

"அவரு கட்டினாரு. நடந்து பாத்து சரின்னு சொன்னது நானு. எனக்கு வழுக்கல, அதனால மாட்டுக்கும் வழுக்காதுன்னு நெனச்சேன். என் கால்ல லாடம் இல்ல. அத யோசிக்கல. தப்பு என்னுது."

ஏவாரிக்குக் கோபம் அடங்கவில்லை. "தப்புன்னு சொன்னா ஆச்சா? அடுத்த மாடு கால ஒடைக்கறதுக்குள்ள இத இடிச்சுத் தள்ளுங்கடா!" அவருடைய ஆட்கள் லாரியிலிருந்து கடப்பாரைகளை எடுத்து வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அத்தனை வருஷம் அவர் அலைந்த அலைச்சல் ஒரு கடப்பாரைக் குத்தில் போகப்போகிறது.

"ஒரு நிமிஷம் இருங்க." டெலிபோனில் கேட்கிற அதே குரல்தான். கடப்பாரைகள் நின்றன. "பொழுது எறங்கற வரைக்கும் டைம் குடுங்க. அப்பவும் வழுக்கிச்சுன்னா மொத கல்ல நானே புடுங்கறேன்."

சந்தை ஓரத்தில் லாடம் அடிக்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போனார். என்னைப் பார்த்து, சென்ட்ரிங் பலகையில் பாதம் அளவுக்கு இரண்டு துண்டு அறுத்துத் தரச் சொன்னார். அந்தத் துண்டுகளின் அடியில் மாட்டு லாடத்தை அடிக்கச் சொன்னார்.

லாடக்காரர் வாயில் வைத்திருந்த ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு, "எம்மா, நாலு கால் உள்ளதுக்குத்தான் இதுவரைக்கும் அடிச்சிருக்கேன். ரெண்டு கால் உள்ளதுக்கு இப்பதாம்மா மொத தடவ" என்றார்.

"எனக்கும் இதான் மொத தடவ. பாத்து அடிங்க."

பலகையைக் கயிற்றால் பாதத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தை முழுக்கப் பார்த்திருக்க, சரிவில் கால் வைத்தார். இரண்டாவது அடியிலேயே விழுந்தார். முழங்கையைத் தேய்த்துக்கொண்டு கீழே வந்தார். சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. ஏவாரியும் சிரித்தார். அந்த அம்மா எழுந்து, கீழே கையைக் காட்டி, "இங்க புடிக்கல தம்பி. இங்கருந்து மேல வரைக்கும் குறுக்க கொத்துங்க" என்றார்.

உளியை எடுத்துக் கொத்த ஆரம்பித்தேன். கண்ணாடி மாதிரி தேய்த்த பூச்சை நானே கொத்தினேன். ஒருவனால் முடிகிற வேலை இல்லை. மேஸ்திரி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு உளியைப் பிடித்தார். இடிக்க வந்த கடப்பாரைக்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு அந்தக் கடப்பாரையாலேயே அவர்களும் கொத்தினார்கள். குறுக்குக் குறுக்காகக் கோடு விழுந்தது. அந்த அம்மா ஏறினார். நடுவில் ஓரிடத்தில் சறுக்கினார், கையை ஊன்றிக்கொண்டார். அந்த இடத்தை ஆழமாகக் கொத்தினோம். மறுபடி ஏறினார். மறுபடி சறுக்கினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. "அந்த எடத்துலம்மா, எடது கால்கிட்ட" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

வெயில் சாய்ந்தபோது, டக் டக் என்று கடைசிவரை ஏறி, லாரிக்குள் போய் நின்று, திரும்பினார். எங்கேயும் சறுக்கவில்லை. சரிவில் வைக்கோலும் செம்மண்ணும் தூவினோம்.

ஏவாரி ஆளை அனுப்பவில்லை. தானே ஒரு மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாடு சரிவுக்கு முன்னால் நின்று மோந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது. அடுத்த கால் வைத்தது. வாலை யாரும் முறுக்கவில்லை. கயிற்றை யாரும் இழுக்கவில்லை. உள்ளே போய் வைக்கோலில் வாய் வைத்தது.

"இன்னாடா வாயப் பாத்துகினு நிக்கிறீங்க? அடுத்தத புடிங்கடா!" என்று ஏவாரி அங்கிருந்தே கத்தினார்.

அந்த அம்மாவைத் தேடினேன். அவர் அங்கே இல்லை. தூரத்தில் புளியமரத்தடியில், அடிபட்ட காளையிடம் இருந்தார். காலில் இன்னும் பலகை கட்டியிருந்தது. மஞ்சள் குழைத்த துணியை அதன் முட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி ஏவாரி அந்தக் காளையை மட்டும் லாரியில் ஏற்றாமல் விட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தையாவது கோபமாகச் சொல்வார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் கிட்டே போனேன்.

"மன்னிச்சுக்கப்பா" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "உனக்குன்னு கட்டிட்டு, உன் கால பாக்காம விட்டுட்டேன்."

நான் வந்த தடம் தெரியாமல் திரும்பிவிட்டேன்.

இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. ஆபரேட்டர் இல்லாமலே போன் பேசுகிற காலம் வந்ததும் மாற்றலாகிப் போய்விட்டார். அதன் பிறகு நான் எத்தனையோ வீடு கட்டிவிட்டேன். கால் விளங்காத ஒருவர் இருக்கிற வீட்டில் போன மாதம் குளியலறை வேலை முடிந்தது. வீட்டுக்காரர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். நான் கரணையைப் பையில் போட்டுக் கிளம்பிவிடவில்லை. அந்தக் கால் விளங்காதவரையே கைத்தாங்கலாகக் கூட்டிவரச் சொன்னேன். அவர் உள்ளே போய், சுவரைப் பிடித்து உட்கார்ந்து, எழுந்து, திரும்பி வெளியே வந்து, "பரவால்ல மேஸ்திரி" என்று சொன்ன பிறகுதான் கரணையைப் பையில் போட்டேன்.